பெரட்டில் கேட்காத கேள்வியைப் படிவத்தில் கேட்பது ஏன்?



கடந்த மாதம் எங்கள் கிளைக் காரியாலயத்துக்கு ஒரு தாய் வந்தார். பன்னிரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். பக்கவாதத்தில் விழுந்து நான்கு வருடம் படுக்கையில் கிடந்த மாமியாரை அவர்தான் பார்த்துக்கொண்டார். மலைக்குப் போவதற்கு முன்னும், பகல் சாப்பாட்டு நேரத்திலும், இரவில் இரண்டு மூன்று முறை எழும்பியும் புரட்டிப் படுக்க வைத்து, கடைசி நாள் வரை முதுகில் ஒரு படுக்கைப் புண் வரவிடாமல் காத்தார். வயோதிபர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாடு போக நினைத்து, டவுனில் ஒரு முகவரிடம் படிவம் வாங்கி வந்திருந்தார். "எழுதிக் குடுங்க தலைவரே" என்று எங்கள் மேசையில் வைத்தார்.

நான்கு பக்கப் படிவம். உட்கார்ந்து வாசித்தோம். மதம் என்ன? இனம் என்ன? உயரம், எடை, தோலின் நிறம்? தலை முதல் கால் வரை தெரியும் படம் உண்டா? கலியாணம் ஆனதா, பிரிந்தவரா? எத்தனை பிள்ளைகள்? கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது? குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்கிறீர்களா? கடைசியாக மாதவிடாய் வந்த திகதி? கணவருக்குச் சம்மதமா? வீட்டில் கடன் உண்டா? எந்தத் தொழிற்சங்கத்தில் அங்கத்துவம்?

வேலையைப் பற்றி மூன்றே மூன்று கேள்விகள்தான் இருந்தன. சமைக்கத் தெரியுமா, எந்த மொழி பேசுவீர்கள், முன்பு வெளிநாடு போயிருக்கிறீர்களா. படுக்கையில் கிடப்பவரைத் தூக்கத் தெரியுமா, குழாய் வழியாக உணவு கொடுத்துப் பழக்கமா, பிரஷர் பார்க்கத் தெரியுமா, பயிற்சிச் சான்றிதழ் உண்டா என்று எதுவுமே கேட்கவில்லை. அந்தத் தாயிடம் இருந்த மிகப் பெரிய தகுதியை எழுத அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரி இடம் இல்லை.

எங்கள் கட்சி இதுதான்: வேலையோடு சம்பந்தம் இல்லாத கேள்வி, ஒரு ஆளைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்படுவதில்லை. தட்டிக் கழிக்கவும், பணிய வைக்கவும் அது கேட்கப்படுகிறது. அப்படிப்பட்ட கேள்விகளைப் படிவத்திலிருந்து எடுக்க வேண்டும். எடுக்கும்வரை போராட வேண்டும்.

கேள்விகளால் கட்டப்பட்ட மக்கள் நாங்கள்

"ஒரு படிவம்தானே, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். படிவம் எங்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு என்ற ஒன்று இருந்தது. அந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு. அந்தத் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. புதிய தோட்டம் கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். ஆளோடு சேர்த்துக் கடனும் கைமாறியது. 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

வீட்டு வேலைக்காரருக்கும் இதுபோல் ஒரு சட்டம் இருந்தது. 1871ஆம் ஆண்டின் வீட்டு வேலைக்காரர் பதிவுக் கட்டளைச் சட்டம், வேலைக்காரரைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றி, அவர் நடத்தை எப்படி என்று எசமானர் எழுதி வைக்க வழி செய்தது. எசமானர் நடத்தை எப்படி என்று வேலைக்காரர் எழுத ஒரு பக்கம் அதில் இல்லை.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, உன் தகப்பன் எங்கே பிறந்தான், அவனுடைய தகப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டார்கள். பத்திரம் இல்லாத காலத்தில் பிறந்தவருக்குப் பத்திரம் எங்கே இருக்கும்? அந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாததால் எங்கள் மக்கள் நாடற்றவர் ஆனார்கள். ஆகவே எங்கள் முன்னால் ஒரு படிவத்தை வைத்தால், முதலில் நாங்கள் கேட்பது இதுதான்: இந்தக் கேள்வி எதற்கு?

மாதவிடாய் திகதி முகவருக்கு எதற்கு?

கர்ப்பமா, பிள்ளை எத்தனை, மாதவிடாய் எப்போது என்று கேட்பது பெண்ணின் நலனுக்காக அல்ல. இதில் பணக் கணக்கு இருக்கிறது. வெளிநாட்டு வீட்டுக்காரர் ஆளுக்கு இவ்வளவு என்று முகவருக்குப் பணம் கட்டுகிறார். போன பெண் முதல் சில மாதங்களுக்குள் திரும்பி வந்தால், முகவர் வேறு ஆளை அனுப்ப வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த நட்டம் வராமல் பார்க்கத்தான் எங்கள் தங்கச்சிமாரின் உடம்பைப் பற்றிய கேள்விகள்.

மதமும் நிறமும் அப்படித்தான். முழு உருவப் படத்தை வைத்துக்கொண்டு ஆள் தெரிவு செய்வது, பராமரிப்புக்கு ஆள் எடுப்பது போலவா இருக்கிறது? சந்தையில் மாடு பிடிப்பது போல இருக்கிறது. கொழும்பில் வயோதிபரைப் பார்க்க ஆள் தேடும் வீடுகளில் சில, எழுத்தில் கேட்காததை வாயால் கேட்கின்றன: "தோட்டத்து ஆளா? எந்த ஆட்கள்?" சாதியைக் கேட்கிறார்கள் என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. தன் தாயைக் குளிப்பாட்டவும் மலம் எடுக்கவும் எங்கள் கை வேண்டும். அதே கை குசினியில் இருக்கும் குவளையைத் தொடலாமா என்று முடிவு செய்ய எங்கள் சாதி வேண்டும். இது நியாயமா?

சங்க அங்கத்துவத்தைக் கேட்பது எதற்கு என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. பிரச்சினை வந்தால் கேட்க ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறார்கள்.

இந்தக் கேள்விகளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உண்மையை எழுதினால் வேலை இல்லை என்று தெரிந்தவர் என்ன செய்வார்? பொய் எழுதுவார். அல்லது முகவரே பொய் எழுதச் சொல்வார். மூன்று பிள்ளைகள் ஒரு பிள்ளையாகும். மாரியம்மன் கும்பிட்டவர் வேறு பேரில், வேறு மதத்தில் விமானம் ஏறுவார். பிறகு சம்பளம் கிடைக்காவிட்டால், அடி விழுந்தால், வாய் திறக்க முடியுமா? "நீ படிவத்தில் பொய் எழுதினாய்" என்று அதே முகவர் சொல்வார். அநியாயமான கேள்வி முதலில் தொழிலாளியைப் பொய்யராக்குகிறது. பிறகு அந்தப் பொய்யே அவர் கழுத்தில் கயிறாகிறது.

ரிசானாவை மறக்கலாமா?

இதற்கு எங்கள் நாடே பார்த்த சாட்சி மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக். 2005இல் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 17. பிறப்புச் சான்றிதழில் 1988 என்று இருக்க, கடவுச்சீட்டில் 1982 என்று பதியப்பட்டிருந்தது. குழந்தை பராமரிப்பில் எந்தப் பயிற்சியும் இல்லாத அந்தப் பிள்ளையின் கையில் 4 மாதக் குழந்தையைக் கொடுத்தார்கள். பால் கொடுக்கும்போது குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சாட்டினார்கள். அவர் சிறுமி என்று சொன்னபோது, கடவுச்சீட்டு அப்படிச் சொல்லவில்லை என்றார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி அவர் தலை துண்டிக்கப்பட்டது.

அவர் விஷயத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு. உண்மையான வயது என்ன? குழந்தை பார்க்கப் பயிற்சி உண்டா? முதல் கேள்விக்குப் பொய் எழுதப்பட்டது. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அரசாங்கம் என்ன செய்தது? வெளிநாடு போகும் வீட்டுப் பணிப்பெண்களின் ஆகக் குறைந்த வயதை உயர்த்தியது. அது சரி. ஆனால் அதே 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றையும் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போக முடியாது. மற்றத் தாய்மார் பிள்ளையை யார் பார்ப்பார் என்று காட்ட வேண்டும். கணவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். கிராம உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர், பிரதேச செயலாளர் என்று வாசல் வாசலாக ஏற வேண்டும். ரிசானா தாய் அல்ல. அவருக்குப் பிள்ளை இல்லை. வயதை மாற்றிய கைகளை விட்டுவிட்டு, தாய்மாரை ஏன் விசாரணை செய்தார்கள்?

2022இல் விதியைத் தளர்த்தினார்கள். ஐந்து வயது என்றிருந்தது இரண்டு வயதானது. வயதுதான் குறைந்தது, கேள்வி போகவில்லை. பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் குழு 2017இலேயே இந்த அறிக்கை முறையை நீக்கும்படி இலங்கையிடம் சொல்லிவிட்டது. இந்த அறிக்கையை எந்தத் தகப்பனிடமும் கேட்டதில்லை. வெளிநாட்டில் கட்டட வேலைக்கோ சாரதி வேலைக்கோ போகும் ஆணிடம் "உன் பிள்ளையை யார் பார்ப்பார், மனைவி கையெழுத்து வைத்தாளா?" என்று யார் கேட்டார்?

பிள்ளைகள் பாதிக்கப்படவில்லையா?

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். தாய் வெளிநாட்டில் இருக்க, படிப்பை விட்ட பிள்ளைகள் எங்கள் லயங்களில் இருக்கிறார்கள். தகப்பன் அனுப்பிய காசைக் குடித்தழித்த வீடுகளும் இருக்கின்றன. துன்பப்பட்ட பிள்ளைகளை நாங்கள் மறைக்கவில்லை. அவர்கள் எங்கள் பிள்ளைகள்.

ஆனால் தாயை மட்டும் விசாரிக்கும் ஒரு அறிக்கையால் எந்தப் பிள்ளைக்குச் சோறு கிடைத்தது? பிள்ளையின் நலன்தான் காரணம் என்றால் தகப்பனையும் கேளுங்கள். பிள்ளைமடுவத்துக்குக் கூரை போடுங்கள், மாலை வரை திறந்து வையுங்கள், ஆயம்மாமாருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். தாய் போன பிறகு மாதம் ஒருமுறை அந்த வீட்டுப் படியேறிப் பாருங்கள். அதற்குப் பணம் இல்லை, ஆள் இல்லை. தாயைத் தடுப்பதற்கு மட்டும் ஆளும் இருக்கிறது, சீலும் இருக்கிறது.

இன்னும் ஒன்று கேட்கிறோம். இதே தாய் பன்னிரண்டு வருடம் காலையில் பெரட்டுக்கு வந்தார். பிரசவ விடுமுறை 84 நாள் முடிந்ததும் கைக்குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு, மழையில் அட்டைக் கடியில் மலை ஏறினார். ஒரு வயது வரை பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு முறை நேரம் விட வேண்டும் என்று பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அதைக் கேட்டு எத்தனை பேர் பேச்சு வாங்கினார்கள்! அப்போது எந்தத் துரையும் "உன் பிள்ளையை யார் பார்ப்பார்?" என்று கேட்கவில்லை. நிறைகிலோ வந்ததா என்றுதான் கேட்டார்கள். தோட்டத்துக்கு உழைக்கும்போது இல்லாத பிள்ளைப் பாசம், அவர் தனக்காக உழைக்கப் புறப்படும்போது எங்கிருந்து வந்தது?

வாசலை அடைத்தால் ஆள் போகாமல் இருப்பாரா? சுவர் ஏறிப் போவார். சுற்றுலா வீசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கே பட்ட பாடு 2022 கடைசியில் நாடெங்கும் பேசப்பட்டது. பணியகத்தில் பதியாமல் போகும் பெண்ணுக்குக் காப்புறுதி இல்லை, ஒப்பந்தம் இல்லை, தூதரகத்தில் பேர் இல்லை. பதிவுக்கு வரும் வழியை முள்ளால் அடைத்துவிட்டு, ஏன் களவு வழியில் போனாய் என்று கேட்பதில் நியாயம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அங்கத்தவர்கள் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்பவற்றால் எந்தப் பிரசையும் பாரபட்சமாக நடத்தப்படக் கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை வழக்கை அரச நடவடிக்கைக்கு எதிராகத்தான் போடலாம். அதையும் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். தனியார் முகவர் சாதி கேட்டால், கொழும்பு வீட்டுக்காரர் மதம் கேட்டால், அந்த உறுப்புரை கைகொடுப்பதில்லை. அங்கேதான் ஓட்டை இருக்கிறது.

தொழிற்சங்க விஷயத்தில் சட்டம் இருக்கிறது. 1999இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 32அ பிரிவு, சங்கத்தில் சேராதே என்று வேலைக்கு நிபந்தனை போடுவதை நியாயமற்ற தொழில் நடைமுறை என்கிறது. வேலையில் பாரபட்சத்துக்கு எதிரான சர்வதேச தொழில் அமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதற்கு ஏற்ற சட்டம் எங்கே?

செய்ய முடியாத காரியத்தை நாங்கள் கேட்கவில்லை. தனியார் வேலைவாய்ப்பு முகவர் பற்றிய 181ஆம் இலக்கச் சமவாயம் 1997இலேயே எழுதப்பட்டது. தகுதி, அனுபவம், வேலைக்கு நேரடியாகத் தேவையான விவரம் தவிர வேறெதையும் முகவர் சேகரிக்கக் கூடாது என்கிறது அதன் 6ஆம் உறுப்புரை. வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்ணிடம் கர்ப்பப் பரிசோதனை கேட்பதை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, 2000ஆம் ஆண்டின் 183ஆம் இலக்கச் சமவாயம் தடுக்கிறது. பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, வேலை தருகிறோம் என்று சொல்வதற்கு முன் உடல்நலக் கேள்வி கேட்பதற்கே வரம்பு போட்டிருக்கிறது. அங்கேயும் வயோதிபர் இல்லங்கள் நடக்கின்றன. கேள்வியைக் குறைத்ததால் எந்த இல்லமும் மூடப்படவில்லை.

எல்லாக் கேள்வியும் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தன் தாயையோ குழந்தையையோ ஒருவர் கையில் ஒப்படைப்பவருக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். வயது, பயிற்சி, அனுபவம், முன்பு வேலை செய்த இடத்தின் சான்று, யாரையும் துன்புறுத்தித் தண்டனை பெற்றவரா என்ற பொலிஸ் அறிக்கை, நோயாளியைத் தூக்கும் அளவுக்கு உடல் பலம். இவை வேலையைப் பற்றிய கேள்விகள். இவற்றுக்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்வோம். எங்கள் கர்ப்பப்பை, எங்கள் சாமி, எங்கள் சாதி, எங்கள் நிறம், எங்கள் சங்கம் இவை வேலையில் சேராது.

எங்கள் கோரிக்கைகள்

1. பராமரிப்பு வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஒரே மாதிரியான விண்ணப்பப் படிவத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் தொழில் திணைக்களமும் தயாரித்து, தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும். அதில் இல்லாத கேள்வியைக் கேட்கும் முகவரின் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்ய வேண்டும்.

2. தனியார் வேலைகளிலும் சாதி, மதம், இனம், கர்ப்பம், குடும்ப நிலை பற்றிக் கேட்பதையும், அதன் பேரில் ஆளைத் தட்டிக் கழிப்பதையும் தண்டிக்கும் சட்டம் வேண்டும்.

3. பெண்ணிடம் மட்டும் கேட்கப்படும் குடும்பப் பின்னணி அறிக்கை முறை நீக்கப்பட வேண்டும். அந்தப் பணமும் ஆட்களும் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டும்.

4. நோயாளரையும் வயோதிபரையும் பார்த்துப் பழகிய எங்கள் பெண்களுக்குத் தோட்டப் பகுதியிலேயே பயிற்சியும் என்.வி.கியு. சான்றிதழும் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

5. விண்ணப்பிப்பவர் கேட்கும் கேள்விகளுக்கும் படிவத்தில் இடம் வேண்டும். எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்? எத்தனை மணித்தியாலம்? படுக்க அறை உண்டா, அதற்குத் தாழ்ப்பாள் உண்டா? கிழமையில் ஓய்வு நாள் எது? கையடக்கத் தொலைபேசி என் கையில் இருக்குமா? சம்பளம் எந்தத் திகதியில்? இதற்கு முன் இருந்தவர் ஏன் போனார்? இவற்றுக்கு வேலை கொடுப்பவர் எழுதிக் கையெழுத்து வைக்கட்டும்.

படிவம் கையில் கிடைத்தால்

கையெழுத்து வைக்காதீர்கள். தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ காட்டுங்கள், கிளைக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். வெற்றுத் தாளிலோ புரியாத மொழித் தாளிலோ ஒருபோதும் கையெழுத்து வேண்டாம். பிறந்த திகதி, பேர், மதம், பிள்ளைகள் பற்றிப் பொய் எழுதச் சொன்னால், சொன்னவர் யார், எந்த நாள் என்று குறித்து வையுங்கள். நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்று உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். கொடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். பெண் என்பதால் அவமானப்படுத்தப்பட்டால் 1938 இலக்கம் இருக்கிறது. எந்த இலக்கத்துக்கு அழைக்கவும் தயங்கினால் எங்களிடம் வாருங்கள், நாங்கள் பக்கத்தில் இருந்து அழைத்துத் தருகிறோம்.

அந்தத் தாயின் படிவத்தை நாங்கள் நிரப்பினோம். வேலைக்குத் தேவையானதை மட்டும் எழுதினோம். மற்றக் கட்டங்களில் கோடு போட்டோம். நான்கு வருடம் மாமியாரைப் பார்த்த விதத்தைத் தனித் தாளில் எழுதி இணைத்தோம். முகவர் திருப்பி அனுப்பிவிட்டார். "கோடு போட்ட படிவம் வேண்டாம், வேறு ஆள் இருக்கிறது" என்றாராம்.

அவர் சொன்னது உண்மைதான். ஒருவர் கோடு போட்டால் வேறு ஆள் இருக்கிறது. ஒரு தோட்டம் கோடு போட்டால் வேறு தோட்டம் இருக்கிறது. எல்லாத் தோட்டத்திலும் எல்லாத் தங்கச்சிமாரும் அதே கட்டங்களில் கோடு போட்டால், முகவர் ஆளுக்கு எங்கே போவார்? துண்டு முறையை ஒழிக்க முடிந்தது. பறிக்கப்பட்ட குடியுரிமையை மீட்க முடிந்தது. இந்த நான்கு பக்கத் தாளை மாற்ற முடியாதா?

அந்தத் தாயின் படிவம் இன்னும் எங்கள் காரியாலயத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் இருக்கும் படிவங்களையும் கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டித் தொழில் ஆணையாளரின் மேசையில் வைப்போம்.